கோளாறு தெரியும் இடமும் பிறந்த இடமும்: மரக்கப்பல் மாடலுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மரத்தில் பாய்க்கப்பல் மாடல் செய்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. தப்பு நடக்கும் நாள் ஒன்று, அது கண்ணில் படும் நாள் வேறொன்று. கப்பல் உடலுக்கு விலா எலும்பாக நிற்கும் குறுக்குச் சட்டம் ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் விட்டிருப்போம். மூன்று மாதம் கழித்துப் பலகை ஒட்டும்போது அது பள்ளமாகத் தலைகாட்டும். பாய்மரத் துளை லேசாகச் சாய்ந்திருக்கும். கயிறு கட்டும் நாள் வரை வாயைத் திறக்காது. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் எத்தனை படி பின்னால் போய்ச் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் சரிசெய்யும் வேலைக்கு வருகிறேன்.

அளவுகளுக்கு ஒரு கப்பல் வேண்டுமே. என் மேஜையில் இருப்பது எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆனது. பம்பாய்க் கப்பல் துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில், மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கிய போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இதன் வரைபடங்களை முதலில் எச்.எம்.எஸ். ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் அதை வீழ்த்த, வரைபடமும் போயிற்று. மறுபடி ஒரு படி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. பிளான் தாளில் டீயைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில் எனக்கு இது பெரிய ஆறுதல்.

பீரங்கித் தட்டின் நீளம் சுமார் 150 அடி, அகலம் சுமார் 40 அடி. 1:72 அளவில் முறையே 64 செ.மீ., 17 செ.மீ. என்று வரும். பிளைவுட்டில் ஏராவும் குறுக்குச் சட்டங்களும் வைத்து, அதன்மேல் இரண்டு அடுக்குப் பலகை ஒட்டும் முறையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம் கடற்கரைச் சொற்களையே பயன்படுத்துகிறேன்: முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடிமரம் ஏரா, பாய் தொங்கும் குறுக்குக் கழி பருமல்.

ஏரா வாழைக்காய் போல வளைந்திருக்கிறது

கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைவோ முறுக்கோ இருக்கிறது. இரண்டும் வேறு வேறு, மருந்தும் வேறு.

வளைவு என்றால் பெரும்பாலும் பிளைவுட்டின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்திருக்கும். குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் உப்பி, பலகை நேராகும். அப்படியே கண்ணாடிமேல் வைத்து, மேலே கனம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். எடுத்தவுடன் "சரியாயிற்று" என்று நம்பிவிடக் கூடாது. அடுத்த மழைக்கே பழைய புத்தி வந்துவிடும். குறுக்குச் சட்டங்களை ஒட்டியதும் அவற்றுக்கு இடையே சின்னச் சின்ன மரக்கட்டைகளை இறுக்கமாக ஒட்டி ஏராவைப் பூட்டிவிட வேண்டும்.

முறுக்கு மோசமானது, எளிதில் கண்ணுக்குத் தெரியாது. முதல் சட்டத்தின் தலையில் ஒரு நேர்க்கோல், கடைசிச் சட்டத்தின் தலையில் ஒரு நேர்க்கோல் வைத்து, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியவில்லை என்றால் முறுக்கு இருக்கிறது. கிளாம்ப் போட்டு நேராக்கி, அதே நிலையில் கட்டைகளை ஒட்டுங்கள். முதல் அடுக்குப் பலகை ஒட்டியபிறகுதான் முறுக்கு தெரிந்தது என்றால் அதற்கு வைத்தியம் இல்லை. அதை வைத்துக்கொண்டு மேலே போவதா, பிரித்துக் கட்டுவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நான் ஒரு முறை மேலே போனேன். பாய்மரம் மூன்றும் மூன்று திசை பார்த்தன.

கட்டும்போது நேராக இருந்தது, பலகை ஒட்ட ஒட்ட வளைந்தது என்றால் நீங்கள் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போயிருக்கிறீர்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

உடலில் விலா எலும்பு தெரிகிறது

பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் சட்டம் இருக்கும் இடமெல்லாம் மேடு, நடுவில் பள்ளம், பட்டினி கிடந்த மாடு மாதிரி. பலகையைத் திட்டாதீர்கள். சட்டங்களின் ஓரத்தைச் சாய்த்துத் தேய்க்காததுதான் காரணம்.

கப்பல் அணியத்தை நோக்கிக் குறுகுகிறது. அதனால் அணியப் பக்கச் சட்டங்களின் முன் ஓரத்தையும், அமரப் பக்கச் சட்டங்களின் பின் ஓரத்தையும் சரிவாகத் தேய்க்க வேண்டும். பலகை சட்டத்தின் முழுத் தடிமனிலும் உட்கார வேண்டும். ஒரு முனையில் மட்டும் தொட்டால் அங்கேதான் மேடு எழும்பும். சட்ட ஓரங்கள் எல்லாவற்றிலும் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நீளக் குச்சியில் ஒட்டிய உப்புத்தாளால் மூன்று நான்கு சட்டங்களைச் சேர்த்துத் தேய்ப்பேன். பென்சில் கோடு மிச்சமிருக்கும் இடம் இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு மெல்லிய கீற்றை நீளவாக்கில் வைத்து, மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். தொடாத சட்டத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி ஏற்றுங்கள். துருத்தும் சட்டத்தை இறக்குங்கள். இந்த வேலைக்கு இரண்டு மூன்று நாள் போனாலும் நஷ்டமில்லை.

முதல் அடுக்கு ஒட்டியபிறகு தெரிந்தாலும் பரவாயில்லை. பட்டி பூசித் தேய்த்துச் சமன் செய்யத்தான் முதல் அடுக்கே இருக்கிறது. இரண்டாம் அடுக்கு வந்தபிறகு பட்டி கூடாது, அது மரத்தில் கறையாகத் தெரியும்.

அணியத்தில் பலகையின் ஓரம் தூக்கி நிற்கிறது

புதிதாகச் செய்பவர்கள் பாதி மாடலோடு நிறுத்திவிடுவது பெரும்பாலும் இங்கேதான். நடுப்பகுதியில் பலகைகள் அழகாக ஒட்டிக்கொள்ளும். அணியத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகைமேல் ஏறப் பார்க்கும், மீன் செதில் போல. எவ்வளவு பசை போட்டாலும், எவ்வளவு ஊசி குத்தினாலும் மறுநாள் காலை எழுந்து நிற்கும்.

காரணம் எளிய கணக்கு. கப்பலின் நடுவில் மேல்தட்டு ஓரத்திலிருந்து ஏரா வரை சட்டத்தின் வளைவை ஒட்டி அளந்தால் 120 மி.மீ. என்று வையுங்கள். 5 மி.மீ. பலகை என்றால் 24 தேவை. அதே இரண்டு எல்லைகளுக்கு நடுவே அணியத்தில் அளந்தால் 70 மி.மீ.தான் இருக்கிறது. 24 பலகையும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் அங்கே 2.9 மி.மீ. ஆகக் குறுகியாக வேண்டும். குறுக்காமல் ஒட்டினால் பலகை தன் தட்டையான பக்கத்தில் வளைவது போதாமல் ஓரவாட்டிலும் வளைய வேண்டியிருக்கும். மரம் அதற்கு மசியாது. முறுக்கிக்கொண்டு ஓரத்தைத் தூக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஆக, ஒட்டும் முன்பே அளக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தின்மேலும் காகிதக் கீற்றைச் சுற்றி, மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறியுங்கள். அந்த நீளத்தைப் பலகை எண்ணிக்கையால் வகுத்து, குறிகளைச் சட்டத்துக்கே மாற்றுங்கள். மொத்தத்தையும் ஒரே பட்டையாக வகுக்காமல், நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளைக் குத்திவைத்து மூன்று நான்கு பட்டைகளாகப் பிரித்துக்கொண்டால் பிழை சேர்ந்துகொண்டே போகாது. அந்தக் கீற்றுகளைப் பல கோணத்தில் பார்த்துத் திருத்துங்கள். கண்ணுக்கு இடறினால் கணக்கு சரியாக வந்திருந்தாலும் திருத்துங்கள். இந்த இடத்தில் நான் வெர்னியரைவிடக் கண்ணை நம்புவேன்.

பலகையைக் குறுக்குவது நடுவிலிருந்து மெல்ல ஆரம்பிக்க வேண்டும். கடைசி மூன்று சென்டிமீட்டரில் பென்சில் சீவுவது போலக் கூராக்கினால் அணியத்தில் எல்லாப் பலகையும் ஒரு புள்ளியில் கூடி விசிறி போலத் தெரியும். ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கட்டர் பிளேடால் ஓட்டிவிட்டு, மிச்சத்தைச் சின்ன இழைப்புளியால் முடியுங்கள். இன்னொரு கட்டுப்பாடு: அகலம் பாதிக்குக் கீழே போகக் கூடாது. உண்மைக் கப்பலில் முனை அவ்வளவு ஒல்லியாக இருந்தால் ஆணி அடிக்க இடமிருக்காது. கணக்கு பாதிக்குக் கீழே போனால் இரண்டு பலகையை அணியத்துக்கு முன்பே முடித்து, ஒரே அகலப் பலகையில் அவை வந்து சேரும்படி வெட்ட வேண்டும். அமரத்தில் கதை தலைகீழ்: அங்கே இடம் அதிகம், பலகை போதாது. நடுவே கூடுதல் பலகை ஒன்றைச் செருக வேண்டியிருக்கும். இரண்டு இடத்திலும் முக்கோண ஆப்பு வைத்து இடைவெளியை அடைப்பவர்கள் உண்டு. இரண்டாம் அடுக்கு மூடப்போகும் முதல் அடுக்கில் செய்யுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். மரம் வெளியே தெரியும் அடுக்கில் அந்த ஆப்புதான் முதலில் கண்ணைக் குத்தும்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகும். மெல்லிய பிளேடால் நெம்பலாம். சூப்பர் குளூ என்றால் அசிட்டோன் வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. எடுத்த பலகையை மறுபடி ஒட்டாமல் புதிதாக வெட்டிக்கொள்வது நல்லது.

வளைக்கும்போது பலகை முறிகிறது

ஊறவைத்தது போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் மரத்தை இளக்குவது சூடு. தண்ணீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது, கருகாமல் காக்கிறது. ஒரு மில்லிமீட்டர்ப் பலகைக்கு வெந்நீரில் பதினைந்து இருபது நிமிடம் தாராளம். அப்புறம் சூடான சால்டரிங் அயர்ன் உடம்பிலோ, அடுப்பில் காய்ச்சிய இரும்புக் குழாயிலோ வைத்து மெல்ல அழுத்தினால் தானாக மசியும். கையில் வெடுக்கென்று அவசரம் காட்டினால் முறியும். வால்நட் போன்ற மரங்கள் இதில் முசுடு.

சூடு கொடுத்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறிந்தால் பலகையின் ரேகையைப் பாருங்கள். ரேகை ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியே ஓடினால் அந்தத் துண்டை அணியத்துக்கு வைக்காதீர்கள். நேரான நடுப்பகுதிக்கு ஒதுக்குங்கள்.

மரத்தேர்வு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்மைக் கப்பல் தேக்கு என்பதால் மாடலையும் தேக்கில் செய்ய எனக்கும் ஆசை இருந்தது. செய்து பார்த்தேன். தேக்கின் துளைகளும் ரேகையும் 1:72 அளவில் பூதாகரமாகத் தெரிந்தன, பலகை ஒவ்வொன்றும் பிளந்த விறகு போல. மேலும் அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். சின்ன அளவில் மரம் மரமாகத் தெரியக் கூடாது என்பதுதான் வேடிக்கை. வெளிநாட்டில் பாக்ஸ்வுட், பேரிக்காய் மரம் பயன்படுத்துவார்கள். நமக்கு மஞ்சள் நிறத்தில் நெருக்கமான ரேகையோடு மஞ்சக்கடம்பு இருக்கிறது, வெளிர் நிறத்துக்கு வெப்பாலை இருக்கிறது. சென்னப்பட்டணம் பொம்மைகள் செய்யும் மரம்தான் அது. கடைந்தால் வெண்ணெய் போல வரும்.

போன மாதம் சேர்ந்திருந்த பலகைகளுக்கு இடையே இப்போது வெளிச்சம் தெரிகிறது

ஈரத்தோடு ஒட்டியிருக்கிறீர்கள். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கே நன்றாகச் சுருங்கும். ஊறிய பலகையை வளைத்த கையோடு ஒட்டினால் காய்ந்ததும் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு குறுகும். இருபது பலகையின் மயிரிழைகள் சேர்ந்தால் மில்லிமீட்டர் கணக்கில் போய்விடும். வளைத்ததைத் துணி கிளிப் போட்டு இடத்திலேயே ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் எடுத்து ஒட்டுங்கள்.

ஈரம் இல்லாமல் ஒட்டியும் இடைவெளி வந்தால் அது பருவத்தின் வேலை. சென்னையில் கடலுக்குப் பக்கத்து வீட்டில் நவம்பரில் ஒட்டிய உடல், ஏ.சி. ஓடும் அறைக்கு மே மாதம் வந்தால் சுருங்கத்தான் செய்யும். வாங்கிவந்த மரத்தைக் கட்டைப் பிரித்து, மாடல் இருக்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரமாவது போட்டுவையுங்கள். வந்துவிட்ட இடைவெளிக்கு அதே மரத்தின் தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். நூலிழைக்கு மேல் இருந்தால் தூள் வேண்டாம், மெல்லிய மரக்கீற்றைச் செருகுங்கள்.

பசை வைத்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பனி

சூப்பர் குளூவின் ஆவி காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து படிவது. நம் ஊர்க் காற்றுக்கு இது சர்வசாதாரணம். பசையைக் குறைத்து, ஆவி ஒதுங்கும்படி ஃபேனைத் தள்ளிவைத்து ஓட்டினால் குறையும். வந்துவிட்டால் அசிட்டோன் தொட்ட துணியால் லேசாகத் துடையுங்கள். இன்னொரு தொல்லை, இந்தப் பசை ஊறிய மரம் பிறகு எண்ணெயையோ சாயத்தையோ குடிக்காது. வார்னிஷ் அடித்தபின் வெளிர்த் திட்டாக நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பதைத் தவிர வழி இல்லை. வெளியே தெரியும் அடுக்குக்கு ஃபெவிகால் வகைப் பசை, அவசரத்துக்குப் பிடித்துக்கொள்ள மட்டும் உட்பக்கத்தில் சூப்பர் குளூ, இதுதான் என் பழக்கம்.

மேல்தட்டில் கருப்புக் கோடு ஊறிப் பரவுகிறது

கலப்பற்று, அதாவது நீர் புகாமல் பலகை இடுக்கை அடைத்த கோட்டைக் காட்ட மார்க்கர் பேனா பயன்படுத்தியிருப்பீர்கள். மை ரேகைவழியே ஊறும், வார்னிஷ் பட்டதும் இன்னும் ஓடும். பலகையின் ஒரே ஒரு ஓரத்தில் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் போதும். இரண்டு ஓரத்திலும் தேய்த்தால் கோடு தடித்துவிடும்.

கோடு சரியாக இருந்தும் தட்டு பொய்யாகத் தெரிந்தால் பலகை அளவைப் பாருங்கள். 10 அங்குல அகலம் 1:72ல் 3.5 மி.மீ., 24 அடி நீளம் சுமார் 10 செ.மீ. அணியத்திலிருந்து அமரம் வரை ஒரே நீளப் பலகை ஓடினால் அது கப்பல் தட்டு இல்லை, வீட்டுத் தரை. பக்கத்துப் பலகைகளின் மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வரவும் கூடாது. மர ஆணிகளைக் காட்டுகிறேன் என்று ஒரு மில்லிமீட்டர்த் துளை போடுபவர்கள் அளவைப் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 72 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று அங்குல ஆணி. தட்டுக்கு அம்மை போட்டது போல இருக்கும். நான் இப்போதெல்லாம் ஆணியைக் காட்டுவதே இல்லை.

பீரங்கி வாசல்கள் வரிசையில் நிற்கவில்லை

டிரிங்கோமலியின் பீரங்கித் தட்டில் பக்கத்துக்குப் பதினான்காக 28 பீரங்கிகளுக்கு இடம். ஒரு வாசல் அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் வரிசை முழுக்கக் கெட்டுத் தெரியும். இதில் நடக்கும் தப்பு இரண்டு. நீர்மட்டத்துக்கு இணையாக நேர்கோடு போட்டு வாசல் வெட்டுவது ஒன்று. தட்டு முனைகளில் மேலே ஏறும், வாசல்களின் அடியும் தலையும் அந்த வளைவையே பின்பற்ற வேண்டும். வாசலின் பக்கச் சட்டங்களையும் அந்த வளைவுக்குச் செங்குத்தாகச் சாய்ப்பது இன்னொன்று. பக்கங்கள் நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதனால் முனைகளில் இருக்கும் வாசல்கள் சதுரமாக இல்லாமல் லேசாகச் சரிந்த நாற்கரமாகத் தெரியும், அதுதான் சரி. வெட்டிவிட்ட வாசலை உள்ளே மெல்லிய சட்டம் ஒட்டிச் சுருக்கி இடம் மாற்றலாம். ஒரு மில்லிமீட்டர் வரை தப்பலாம்.

செப்புத் தகட்டில் கைரேகை கருத்துத் தெரிகிறது

விரல் எண்ணெய். வினிகரில் உப்பு கரைத்துத் துடைத்து, தண்ணீரால் கழுவிக் காயவைத்து, மேலே மெல்லிய வார்னிஷ் அடியுங்கள். ஒட்டும்போது கையுறை. கப்பலின் அடிப்பகுதியில் போர்த்திய அக்காலத் தகடு பெரும்பாலும் 4 அடிக்கு 14 அங்குலம். நமக்கு 17 மி.மீ.க்கு 5 மி.மீ. கண்ணாடி வேலைக்கு விற்கும் செப்பு டேப்பை வெட்டிக்கொள்ளலாம். வரிசை கோணிப்போனால் நீங்கள் அணியத்தில் ஆரம்பித்திருப்பீர்கள். அமரத்தில் ஏராவை ஒட்டி ஆரம்பித்து முன்னும் மேலுமாகப் போக வேண்டும். முன்தகடு பின்தகட்டின்மேல் ஏறி நிற்கும், ஓடும் நீர் ஓரத்தைக் கிளப்பாது.

பாய்மரம் சாய்கிறது, அல்லது வில்லாக வளைகிறது

சாய்வு என்றால் கயிறு கட்டும் முன் முன்பக்கம் நின்று மூன்றையும் ஒரே கோட்டில் பாருங்கள். தட்டுத் துளையை அல்ல, அடியில் மரம் உட்காரும் குழியைச் சரிசெய்யுங்கள். துளையைச் சுற்றி ஆப்பு வைத்துப் பூட்டுங்கள். கயிற்றால் இழுத்து நேராக்கலாம் என்று நினைத்தால் அந்தக் கயிறு வாழ்நாள் முழுக்க இழுவையில் நிற்கும், எதிர்க் கயிறு தொய்யும்.

வில்லாக வளைவது கடையில் வாங்கிய உருண்டைக் கோலால் வரும். ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் கடைந்த கோல் அது. ரேகை நேராக ஓடும் சதுரக் கட்டையை எடுத்து, எண்கோணமாக்கி, அப்புறம் உருட்டுங்கள். எண்கோணத்துக்குப் பழைய தச்சுக் கணக்கு ஒன்று உண்டு: ஒரு முகத்தின் அகலத்தை 24 பங்காக்கி 7, 10, 7 என்று கோடு போட்டு, மூலைகளை அந்தக் கோடு வரை இழைத்தால் எட்டு முகமும் சமமாக வரும். பருமலுக்கும் இதே முறைதான்.

கயிறு: ஒரு பக்கம் தொய்வு, ஒரு பக்கம் இறுக்கம்

இங்கே நிதானமாக வருவோம், ஏனென்றால் கயிற்றில் தெரியும் கோளாறுகளில் பாதி கயிற்றுடையது அல்ல.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கயிறுகளை ஒரு பக்கம் முழுக்கக் கட்டிவிட்டு மறுபக்கம் போனால் மரம் முதல் பக்கம் சாயும், முதலில் கட்டியவை தொய்யும். வலப்பக்கத்து முன்ஜோடி, அப்புறம் இடப்பக்கத்து முன்ஜோடி, மறுபடி வலம் என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். உண்மைக் கப்பலிலும் இந்த வரிசைதான். இறுதி முடிச்சை எல்லாம் கட்டி முடியும் வரை பூட்டாதீர்கள், ஒரு சொட்டுப் பசையும் வேண்டாம்.

ஷ்ரவுட்டின் அடியில் ஜோடி ஜோடியாக வரும், மூன்று துளையுள்ள வட்டுகள் ஒரு மட்டத்தில் இல்லாமல் மேலும் கீழுமாக இருந்தால், அளவைக் கண்ணால் பிடித்திருக்கிறீர்கள். பித்தளைக் கம்பியை இரண்டு முனையிலும் மடித்து, கீழ்வட்டின் துளையில் ஒரு முனை, மேல்வட்டின் துளையில் மறுமுனை என்று மாட்டிவைத்துக்கொண்டு ஷ்ரவுட்டைச் சுற்றிக் கட்டினால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் போன என் முதல் மாடலில் வட்டுகள் படிக்கட்டு ஏறின.

கயிறு எல்லாமே அளவுக்கு மீறித் தடித்துத் தெரிகிறதா? ஒரு சின்ன ஏமாற்று இதில் இருக்கிறது. பழைய அட்டவணைகளில் கயிற்றின் அளவு விட்டம் இல்லை, சுற்றளவு. 9 அங்குலக் கயிறு என்றால் விட்டம் 2.9 அங்குலம்தான், 1:72ல் 1 மி.மீ. இதைக் கவனிக்காதவர்கள் மூன்று மடங்கு தடித்த கயிற்றில் கப்பலைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்.

மேலேறும் ஏணிக்கயிறுகள், ராட்லைன் என்பார்கள், இவற்றைக் கட்டிய பிறகு ஷ்ரவுட்கள் நடுவில் ஒடுங்கி உடுக்கை இடுப்பு போல ஆவது மிகப் பொதுவான கோளாறு. ஒவ்வொரு முடிச்சிலும் மயிரளவு இழுத்திருப்பீர்கள். பிரித்தால்தான் தீரும். வெள்ளை அட்டையில் 13 அங்குலத்துக்குச் சமமான 4.6 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டு, ஷ்ரவுட்களின் இயல்பான சாய்வையும் அதே அட்டையில் வரைந்து பின்னால் குத்திவையுங்கள். கீழிருந்து வரிசையாகப் போகாமல், முதலில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று கட்டிக்கொண்டால் அகலம் நிலைத்துவிடும்; இடையில் உள்ளதை அப்புறம் நிரப்புங்கள். நடுக்கயிறுகளில் குளோவ் ஹிட்ச் முடிச்சு, இறுக்காமல் படியவைத்தால் போதும். முடிச்சுக்குச் சூப்பர் குளூ வேண்டாம். நூல் கம்பியாகி ஒரு நாள் உடையும். தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையை ஊசிமுனையில் தொட்டு வையுங்கள்.

எல்லாம் சரியாகக் கட்டியும் மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி கயிறு மாறுகிறது என்றால் அது பருத்தி நூல். ஈரத்துக்கு நீண்டு சுருங்கும். பாலியெஸ்டர் நூல் அவ்வளவாக அசையாது. நம் காலநிலைக்கு அதைத்தான் சொல்வேன். பருத்தியில் பஞ்சு சிலிர்த்து நின்றால் மெழுகுவர்த்திச் சுடரின் ஓரமாகச் சட்டென்று இழுத்து எடுக்கலாம். பாலியெஸ்டரை அப்படி இழுத்தால் கையில் பாதி நூல்தான் மிஞ்சும், உருகிவிடும்.

பீரங்கியில் வெள்ளைப் பொடி

பழைய கிட்டில் வந்த ஈய வார்ப்பு என்றால் அது பூஞ்சை இல்லை. மரத்திலிருந்தும் சில பசைகளிலிருந்தும் அசிட்டிக் அமில ஆவி வரும். காற்றோட்டமில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஈயத்தைத் தின்று, ஈயக் கார்பனேட் பொடியாக்கும். பொடி விஷம், ஊதவோ உலர்ந்த துணியால் துடைக்கவோ வேண்டாம், கையுறை போட்டு ஈரத்துணியால் எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். வர்ணம் அடித்து மூடினாலும் உள்ளே அரிப்பு ஓடிக்கொண்டிருக்கும். பித்தளையிலோ மரத்திலோ கடைந்து மாற்றுங்கள். பெட்டியின் அடியில் இரண்டு முனையிலும் துளை போட்டு மெல்லிய வலை ஒட்டுங்கள், காற்று போய்வரட்டும்.

மாடலுக்கு அடியில் மெல்லிய மாவு, உடலில் குண்டூசித் துளைகள்

வண்டு. மாவு தினமும் புதிதாக விழுந்தால் உள்ளே இன்னும் தின்கிறது. மாடல் சின்னதாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் மரத்தின்மேல் நீர் பூக்கும். 64 செ.மீ. உடலும் பாய்மரமும் சாதாரண வீட்டு ஃப்ரீசரில் நுழையாது. அதனால் நான் மரக்கீற்றுகள் கைக்கு வந்தவுடன், வேலை தொடங்கும் முன்பே, நுழையும் நீளத்துக்கு வெட்டி உள்ளே வைத்துவிடுகிறேன். பையை இரண்டு சுற்றாகக் கட்டுங்கள். ஒரு முறை கட்டாமல் வைத்து, மஞ்சக்கடம்பு முழுக்க நெத்திலி வாடை ஏறி, மேல்தட்டை இழைக்கும்போது வீட்டுப் பூனை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.